பேஸ்மென்றை அளக்கப் போன அப்பா எழுதுவது

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் நான் சொன்ன பதிலை வைத்து நீ அந்த நோட்டீஸை இன்னும் எழுதவில்லை என்றால், இதை முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடு. எழுதிவிட்டாய் என்றால் உன் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திரு. கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. இதையெல்லாம் ரெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேசும்போது நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே கொம்பியூட்டரில் வேறு எதையோ தட்டுவது எனக்குக் கேட்கும். கடிதம் என்றால் தட்டிக்கொண்டு வாசிக்க முடியாது.

நீ கேட்டது சின்னக் கேள்வி. "அப்பா, உங்கட பில்டிங்கில எலிவேற்றர் திரும்பவும் பழுதாம். அம்மான்ர முழங்கால் இனித் தாங்காது. நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச பேஸ்மென்றுக்கு வாறதெண்டா மிக்கோலா அங்கிள் ஆக்களுக்கு வீட்டை விட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸ் குடுக்கலாம். சொந்தத் தாய் தகப்பன் வந்து இருக்கப்போகினம் எண்டா சட்டத்தில அதுக்கு இடமிருக்கு. நீங்கள் சொல்லுங்கோ." நான் மூச்சுவிடவும் இல்லை. "குடு. எழும்பட்டும்" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் உனக்கும் கேட்டிருக்கும். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு நீ "சரி அப்பா" என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் சந்தோஷத்துக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது சுத்தமான பொறாமை. நீ யூனியன்வில்லில் வீடு வாங்கி, குடிபூரலுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கே அந்த பேஸ்மென்றை எங்களுக்கென்றுதான் காட்டினாய். "நிலத்துக்குக் கீழ இனி நான் சீவிக்க மாட்டன். வந்த காலத்தில சீவிச்சதே காணும்" என்று எல்லோருக்கும் கேட்க நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, நீ இன்னொரு தடவை கேட்பாய், கெஞ்சுவாய், அப்போது போனால் போகிறதென்று தலையாட்டலாம் என்று காத்திருந்தேன். நீ கெஞ்சவில்லை. சில மாதங்களில் யுத்தத்துக்குத் தப்பி கார்கிவிலிருந்து வந்த ஒரு புருசன் பெண்சாதிக்கு அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டாய். உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். "இஞ்சேருங்கோ, நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள். இப்ப ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டிருக்கிறியள்?" வேண்டாம் என்று சொன்ன பொருளைக்கூட அடுத்தவன் எடுத்தால் வயிறு எரியும் என்பது அவளுக்கு விளங்காது. அவள் நல்ல மனுசி.

மிக்கோலாவை நான் அவன் இவன் என்றே எழுதுகிறேன். அவனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு, ஆகவே எழுதலாம். முதன்முதலில் அவனை நீ அறிமுகப்படுத்தியபோது, எங்கள் ஆட்கள் புதிதாக வந்தவர்களிடம் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: பேப்பர் கிடைத்துவிட்டதா? மனிதன் முகமெல்லாம் சிரிப்பாக, "பேப்பர், ஓ யெஸ், எயார்போட்டிலேயே தந்தார்கள்" என்றான். எயார்போட்டிலேயே! மகள், நீ இந்த நாட்டில் வளர்ந்தவள். அந்தச் சொல் என் காதில் எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களின் வாயில் பேப்பர் என்றால் ஒன்றே ஒன்றுதான். இந்த நாட்டில் நீ நிரந்தரமாக இருக்கலாம், இனி உன்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது என்கிற பத்திரம். பேப்பர் கிடைத்தவனுக்கு ஒரு முகம், கிடைக்காதவனுக்கு ஒரு முகம். கல்யாணம் பேசுவதென்றாலும் முதல் விசாரிப்பு அதுதான். நான் அந்தப் பத்திரத்துக்காக இளமையைக் கொடுத்தேன். இவனுக்கு சூட்கேஸ் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டதாம். அன்றைக்கு உன் வீட்டில் வடை நன்றாக இல்லை என்று நான் சொன்னேனே, வடையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

என்னுடைய விசாரணையைப் பற்றி உனக்கு நான் சிரிப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது சிரிக்காமல் சொல்கிறேன். ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் என்னை நம்புவதா இல்லையா என்று தீர்மானிக்க ஒருவர், இந்தப் பக்கம் என் வழக்கறிஞர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர், பொட்டும் சந்தனமுமாக வந்திருந்தார். செக்பொயின்றில் உன்னை எப்படி விட்டார்கள் என்று கேட்டார்கள். "ஆமிக்காரனோட கதைச்சனான், விட்டிட்டான்" என்றேன். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. அந்த மனிதருக்கோ கதை என்றால் கதை. அவர் அதை ஆங்கிலத்தில், "ராணுவ வீரனிடம் ஒரு கதை கட்டிச் சொன்னேன், விட்டுவிட்டான்" என்று சொல்லிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் அதிகாரிகளிடம் கதை கட்டுவது உமக்குப் பழக்கமா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி திரும்பித் தமிழில் வந்தபோது, என் வாயிலிருந்து போன சொல் எந்த இடத்தில் திரும்பிக் கொத்தியது என்றே புரியவில்லை. வழக்கறிஞர் யாழ்ப்பாணத்துத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டு நாளைத் தள்ளி வாங்கினார். அடுத்த விசாரணை நாள் கிடைக்கும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கப் பயந்தேன். வேலைசெய்த இடத்தில் என்னை ஊமை என்று நினைத்திருந்தார்கள்.

கடைசியில் நம்பினார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதோடு முடியவில்லை. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வேறு சிலரோடு இருந்தேன். பேஸ்மென்றில் ஆட்கள் இருப்பது வெளியே தெரிந்தால் வில்லங்கம் என்று வீட்டுக்காரர் எங்கள் பெயர்களைக் கடிதப் பெட்டியில் ஒட்ட விடவில்லை. லீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. குடிவரவுக் கந்தோரிலிருந்து எனக்கு வந்த கடிதம், அப்படி ஒரு ஆள் இந்த முகவரியில் கிடையாது என்று திரும்பிப் போய்விட்டது. என் பைல் எங்கேயோ படுத்துவிட்டது. நான் அந்த வீட்டுக்குக் கீழே உயிரோடுதான் இருந்தேன். நான் கனடாவுக்கு வெளிக்கிடும்போது நீ அம்மாவின் வயிற்றில் இருந்தாய். அந்த பைல் எழும்பி, நான் உங்களை ஸ்பொன்சர் செய்து, நீங்கள் வந்து இறங்கியபோது உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. எயார்போட்டில் நான் பெரிய பொம்மை ஒன்றோடு நின்றேன். நீ என்னை அண்ணாந்து பார்த்து, மிகவும் மரியாதையாக, "அங்கிள், எங்கட அப்பா எங்க?" என்று கேட்டாய். அம்மா அழுதாள். நான் அழவில்லை, பொம்மையை உன்னிடம் தந்தேன். அதை நீ வாங்காமல் அம்மாவின் பின்னால் ஒளிந்தாய்.

இப்போது விளங்குகிறதா, நீ அவனை "மிக்கோலா அங்கிள்" என்று கூப்பிடும்போது எனக்கு எங்கே சுடுகிறதென்று? நீ என்னைக் கூப்பிட்ட முதல் சொல் அது. எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. ஆனாலும் அது என்னுடையது.

பிறகு நீ என்னிடம் வந்து சேர்ந்த வழி உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் உனக்கு நாக்கில் ஏற ஏற, நான் போகும் இடமெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். விசாரணையில் பட்ட சூட்டுக்குப் பிறகு வேறு யாருடைய வாயையும் நான் நம்பவில்லை. நான் கதைப்பேன், நீ சொல்வாய். வங்கியில், டொக்டரிடம், வேலைக் கந்தோரில் கவுண்டருக்கு எட்டாத உயரத்தில் நின்று, "மை டாட் இஸ் சேயிங்" என்று தொடங்குவாய். அஜின்கோர்ட்டில் அப்பார்ட்மென்ற் எடுக்கப் போன அன்று அந்தப் பெண் வீட்டில் யார் யார் இருப்பீர்கள் என்று கேட்க, "நாங்கள் மூண்டு பேர் எண்டு சொல்லு" என்றேன். நீ அதைச் சொல்லிவிட்டு, அதோடு நிற்காமல், சித்தப்பா ஹோலில் படுப்பார், மாமா வேலை முடிந்து விடியத்தான் வருவார், அவருக்கு அதே மெத்தை என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாய். அந்த அப்பார்ட்மென்ற் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. எனக்காக ஒருத்தி இவ்வளவு உண்மையாகப் பேசுகிறாளே என்று மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வாயைத்தான் நீ மிக்கோலாவுக்குக் கொடுத்தாய். அவர்கள் வந்த கிழமையே லீவு போட்டாய். சோஷல் இன்சூரன்ஸ் இலக்கத்துக்கு ஒரு நாள், ஹெல்த் கார்டுக்கு ஒரு நாள், ஆங்கில வகுப்பில் பதிய இன்னொரு நாள். அரசாங்க இலக்கத்துக்கு அடித்துவிட்டு, காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டு முடியும்வரை ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாய். நான் ஒருமுறை வந்து பார்த்தேன். ஹலீனா, அவன் மனைவி, அவளுடைய மொழியில் தடுமாறி ஏதோ சொல்ல, நீ அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ரெலிபோனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். அவளுடைய மொழி உனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னாய். நான் சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டேன். அதே மாதம் என் கண்ணைக் காட்டப் போகவேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். "அப்பா, டக்சி புக் பண்ணிவிடுறன், நீங்கள் இப்ப நல்லா இங்கிலிஷ் கதைப்பீங்கள்தானே?" என்றாய். நீ பாராட்டித்தான் சொன்னாய். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். நீ வேலைக்குப் போயிருந்த நேரம். உன்னிடம் ஒன்றும் சொல்லாமல், அம்மாவிடம் மரக்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவை சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி யூனியன்வில்லுக்கு வந்தேன். எங்கள் கட்டில் அந்த அறைக்குள் போகுமா, அம்மாவின் சாமிப்படத்தை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று பார்க்கவேண்டும். உண்மையைச் சொன்னால் அளக்க அவசரமே இல்லை. அவர்கள் இருக்கும்போது அளக்கவேண்டும் என்றுதான் வந்தேன். அப்படி ஒரு புத்தி எனக்கு இருந்தது.

ஹலீனா கதவைத் திறந்தாள். என் கையில் நாடாவைக் கண்டதும், ஏதோ திருத்தத்தான் நீ என்னை அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் வினைச்சொல்லைக் கண்டால் விலகி நடப்போம். நாங்கள் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"வாருங்கள், வாருங்கள். என்ன அளக்கவேண்டும்?"

"சுவர்" என்றேன்.

நாடாவின் ஒரு முனையை என் கையிலிருந்து அவளாகவே வாங்கி, சுவர் மூலையில் முழங்காலை மடித்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். நான் மற்ற முனையை இழுத்துக்கொண்டு போனேன். யன்னல் பக்கம் அளந்தோம், அலுமாரி பக்கம் அளந்தோம். நான் எண்ணைச் சொல்ல, நான் மறந்துவிடுவேன் என்று அவளும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். அவளுடைய கட்டிலை அவளே ஒரு பக்கமாகத் தள்ளி, எனக்கு இடம் விட்டாள். தன்னை எழுப்புவதற்கான அளவை ஒரு மனுசி இவ்வளவு கவனமாகப் பிடித்துத் தருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னால் முடியவில்லை. நாடாவை விட்டுவிட்டேன். அது சுருண்டு ஓடிப்போய் அவளுடைய விரலில் அடித்தது.

விரலை உதறிவிட்டுச் சிரித்தாள். "எதற்காக அளக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"கார்பெற்" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக ஆங்கிலத்தில் வருகிறது.

"கார்பெற் வேண்டாம். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், எங்களுக்காகச் செலவு செய்யவேண்டாம். நாங்கள் இருப்போமோ தெரியாது. பேப்பர் முடிகிறது."

எனக்கு அது பிடிபடவில்லை. அந்த நேரம் மிக்கோலாவும் வேலை முடிந்து வந்துவிட்டான். சுப்பர்மார்க்கெற் ஜக்கெற்றோடு அப்படியே கதிரையில் இருந்தான். ஹலீனா எலுமிச்சம் துண்டு போட்டுத் தேநீர் தந்தாள். நான் அவனிடம் கேட்டேன், கொஞ்சம் எகத்தாளமாகத்தான் கேட்டேன்: "பேப்பர் எப்படி முடியும்? பேப்பர் கிடைத்தால் கிடைத்ததுதானே. எயார்போட்டில் தந்தார்கள் என்றாயே?"

அவன் எழும்பிப் போய் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மகள், அது பேப்பர் இல்லை. வேலை செய்ய விடுகிற பெர்மிற். ஓர் ஆரம்பத் திகதியும் ஒரு முடிவுத் திகதியும் போட்ட பெர்மிற். முடிவுத் திகதி இந்த இலையுதிர் காலத்தில். அதை நீட்டித் தரச்சொல்லி விண்ணப்பித்திருக்கிறார்கள், நீதான் செய்துகொடுத்திருப்பாய், உனக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஒரு சொல்லை என் பாஷையில் விளங்கிக்கொண்டு, இல்லாத ஒரு பத்திரத்தின்மேல் இத்தனை காலமும் பொறாமைப்பட்டிருக்கிறேன். கதைச்சனான் என்ற சொல்லை வைத்து அந்த மொழிபெயர்ப்பாளர் எனக்குச் செய்ததை, பேப்பர் என்ற சொல்லை வைத்து நான் இவனுக்குச் செய்திருக்கிறேன்.

"நீட்டித் தந்தால்?" என்று கேட்டேன்.

"நீட்டித் தந்தால் இன்னும் கொஞ்சக் காலம். பிறகு திரும்பவும் கேட்கவேண்டும். எங்களை அகதி என்று கூப்பிடவில்லை, விருந்தாளி மாதிரி கூப்பிட்டார்கள். நன்றாகத்தான் கூப்பிட்டார்கள், நன்றிதான்" என்றான் மிக்கோலா. "ஆனால் விருந்தாளி எவ்வளவு காலம் இருப்பான்? நிரந்தரமாக இருக்க வயதுக்குப் புள்ளி, படிப்புக்குப் புள்ளி. என் வயதுக்குப் புள்ளியே கிடையாது."

"அகதி என்று கேட்டுப் பார்க்கிறதுதானே?"

"ஒரு கன்சல்ரன்றிடம் கேட்டோம். கேட்கலாம், ஆனால் விசாரணையில், கார்கிவில் குண்டு விழுந்தால் லிவிவில் போய் இருக்கலாமே, அங்கே கொஞ்சம் அமைதிதானே என்று கேட்பார்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "என்னிடமும் அதே கேள்வி. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்தால் கொழும்பில் போய் இருக்கலாமே என்றார்கள்" என்றேன். மிக்கோலாவும் சிரித்தான். கொழும்பு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது, ஆனாலும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். உன் அங்கிளும் நானும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஹலீனா சிரிக்கவில்லை. "உங்களிடம் கேட்டார்களா? ஏன் வந்தாய் என்று?" என்றாள்.

"ஒரு பகல் முழுக்கக் கேட்டார்கள். தண்ணீர் குடிக்கக்கூட மறந்துபோனேன்."

"கேட்டுவிட்டு?"

"நம்புகிறோம் என்று எழுதித் தந்தார்கள்."

அவள் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு என்ன ஆனது, யார் செத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. எங்களை ஒருவரும் நம்பாமல் விடவில்லை. ஒருவரும் நம்பவும் இல்லை. உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது."

பொறாமையாம், என்னைப் பார்த்து. என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் அவமானமாக இருந்த அந்த நாளைப் பார்த்து. எனக்கு முதலில் வந்தது கோபம். நான் பட்ட பாட்டையும் இவளுக்குக் கொடுக்கவேண்டுமா என்று ஒரு எரிச்சல். இப்படி ஒரு பெருங்கஞ்சன் உன் அப்பா. ஆனால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்றும் விளங்கியது. நான் வெளியேறு என்று சொன்னால் இவர்கள் எங்கே போவார்கள்? பெர்மிற் முடியப்போகிற இரண்டு கிழடுகளுக்கு இந்த ரொறன்ரோவில் யார் ஒரு வருஷ லீஸ் எழுதித் தருவான்? மிக்கோலா ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறான். ஏஜென்ற் பெர்மிற்றைக் கையில் வாங்கி, திகதியைப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிடுகிறானாம். அந்த முடிவுத் திகதிக்கு முன்னால் இவர்களை உன் பேஸ்மென்றிலிருந்து எழுப்புவதும், நான் என் ரெக்ஸ்டேல் முகவரியில் இல்லாத ஆளாக இருந்ததும் ஒன்றுதான்.

திரும்பி வரும்போது மரக்கறி வாங்க மறந்துவிட்டேன். அம்மா கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். நாடா விரலில் அடித்ததையும் சொன்னேன். "உங்களுக்கு என்ன விசரே? அந்த மனுசியைப் பிடிச்சுக்கொண்டிருக்கச் சொல்லி அளந்தனீங்களோ?" என்று கத்தினாள். படுக்கப்போகும்போது, "எனக்கு முழங்கால் அவ்வளவு நோகேல்லை" என்றாள். அது பொய். அவள் எப்போதாவதுதான் பொய் சொல்வாள், சொன்னால் நன்றாகச் சொல்வாள்.

ஆகவே மறுநாள் காலை எங்கள் பில்டிங் மனேஜரின் கந்தோருக்கு நானே போனேன். உன்னைக் கூப்பிடவில்லை. எலிவேற்றரைப் பற்றியும் மனைவியின் முழங்காலைப் பற்றியும் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் மாத முடிவில் போகிறதாம். அந்த அப்பார்ட்மென்றை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் மாடி என்றால் அம்மா படியில் ஏறிவிடுவாள். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டேன். நீ சொன்னது சரிதான், நான் இப்போது நன்றாக ஆங்கிலம் கதைக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை உன்னோடு பகிர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

நோட்டீஸ் வேண்டாம், மகள். எங்கள் பெயரைச் சொல்லி யாரையும் எழுப்பாதே. தாய் தகப்பன் உண்மையாகவே வந்து இருக்கவேண்டும், சாட்டுக்குச் சொல்லக்கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாமே. நான் சாட்டுக்குத்தான் சொன்னேன். அதற்குப் பதிலாக இன்னொன்று செய். இப்போது அவர்களுக்கு மாதத்துக்கு மாதம் என்று வாய்ப்பேச்சில் விட்டிருக்கிறாய். உனக்கு அது பெருந்தன்மை மாதிரித் தெரியும். இருக்கிறவனுக்கு அது தூக்கமில்லாத இரவு. ஒழுங்கான லீஸ் எழுது. மிக்கோலாவின் பெயரை மட்டும் போட்டுவிட்டு நிற்காதே, ஹலீனாவின் பெயரையும் போடு. கடிதப் பெட்டியில் உன் பெயருக்குக் கீழே அவர்களின் பெயரை ஒட்டு. இப்போது எல்லாம் ஈமெயிலில்தான் வரும் என்று நீ சொல்லுவாய். வரட்டும். ஆனாலும் ஒட்டு. இந்த முகவரியில் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று ஒரு பெட்டியாவது சொல்லவேண்டும். எனக்கு ஒரு பெட்டி சொல்லாததால் நான் உன் பால்பற்கள் முளைத்ததைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதியதால் என் மனம் வெளுத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் பொறாமைதான். பேப்பரின்மேல் இருந்த பொறாமை போய்விட்டது. உன்மேல் இருப்பது அப்படியே இருக்கிறது. நீ அவர்களுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்த அந்தக் காட்சி இப்போதும் நெஞ்சுக்குள் நிற்கிறது. நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறாய் என்று ஆட்கள் என்னிடம் சொல்வார்கள். ஓம், வளர்த்தேன், ஆனால் ஊருக்குப் பங்குபோடவா வளர்த்தேன் என்று மனம் கேட்கும். ஒருநாள் உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் உன்னைவிட்டு வேறு யாருக்கோ ஓடி ஓடி உதவும்போது நீயும் வடை சரியில்லை என்பாய். அப்போது என்னை நினைத்துக்கொள்.

உன்னிடம் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. அடுத்த மாதம் என் கண்புரையைப் பார்க்க ஆஸ்பத்திரியில் நாள் தந்திருக்கிறார்கள். அங்கிருந்து கூப்பிட்ட பெண், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள். நான் ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில், "ஓம், கட்டாயம் வேண்டும், என் மகள் வருவாள்" என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும். லீவு போட்டுக்கொண்டு வா. டக்சி வேண்டாம், நீயே வந்து ஏற்று. டொக்டர் கேட்பதெல்லாம் எனக்கு விளங்கும். விளங்காத மாதிரி உன் முகத்தைப் பார்ப்பேன். நான் தமிழில் கதைக்கிறேன், நீ என் பக்கத்தில் இருந்து அவருக்குச் சொல். முன்பு சொன்ன மாதிரி, "மை டாட் இஸ் சேயிங்" என்று தொடங்கு.

காரில் இடம் இருக்கிறது என்று மிக்கோலாவை ஏற்றிக்கொண்டு வந்துவிடாதே.

அப்பா